பெட்டிக்கு எட்டு பாக்கெட்

மண்ணூர்,
செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி

அன்பு மகள் சுவாதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நேற்று வரை இந்த வரியை மனசார எழுதியிருக்க முடியாது. இன்று காலை 10.40 மணிக்கு அருங்காட்சியகத்தின் பொருள் பாதுகாப்பு அதிகாரி காசிராஜன் போனில் சொன்னது: பத்தொன்பது அரக்குப் பெட்டிகளில் பதினேழைப் பரிசோதித்துவிட்டார்கள், ஒன்றிலும் புதிய விரிசல் இல்லை. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். முப்பத்தோரு வருடம் தாலுகா நிருபராக இருந்த பழக்கம் விடாது.

போன வியாழக்கிழமை வீடியோ காலில் அம்மா உன்னிடம் எவ்வளவு பெருமையாகப் பேசினாள், நினைத்துப் பார். சென்னையில் சீன, ஜப்பானிய அரக்குப் பெட்டிக் கண்காட்சி முடிந்து பொருட்கள் திரும்பிப் போக, ஒவ்வொன்றுக்கும் மரத்தில் வெளிப் பெட்டி செய்யும் வேலை அவள் கம்பெனிக்கு வந்தது. "ஃபோமுக்கு அடியில பொட்டிக்கு எட்டு, ஈரம் உறிஞ்சற ஜெல் பாக்கெட் வச்சிருக்கேன், ஒரு சொட்டு ஈரம் நிக்காது" என்றாள். பழம்பொருள் பாதுகாப்பு படிக்கிற நீ முகம் மாறி, இது நீ தினம் பேக் பண்ற கியர் பார்ட்ஸ் இல்லம்மா, மரத்து மேல பூச்சு, காத்துல ஈரம் போனா மரம் சுருங்கி பூச்சு வெடிச்சுடும் என்றாய். அன்றிலிருந்து சொல்லியிருக்கக் கூடாதோ என்று மூன்று முறை எனக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாய். நீ சொன்னதால்தான் பெட்டிகள் தப்பின, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

நீ போனை வைத்ததுமே அம்மா ஓனர் புருஷோத்தமனைக் கூப்பிட்டாள். அவர், "இன்னா மரகதம், பொட்டி கார்கோவுக்குப் போயி சீலும் வச்சாச்சு. ஃபோமுக்குக் கீழ கீறத எவன் பாக்கப் போறான், கம்முனு இரு" என்றார். கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். அம்மா விடவில்லை. "இருபத்திரண்டு வருசமா நம்ம பொட்டியில போன சாமான் ஒண்ணாவது துருப் புடிச்சிக்கினு திரும்பி வந்துச்சா சார்? அந்தக் கைதான் இதையும் வச்சுது. நானே போயி சொல்லிடறேன், வேலைய வுட்டுத் தூக்கறதுன்னா தூக்குங்க" என்றாள். மறுநாள் ஒன்பது மணிக்கு காசிராஜன் எதிரில் உட்கார்ந்தோம். நான் விஷயத்தை வரிசையாகச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன், "நீங்க பேப்பருக்கு எழுதுங்க, வச்சது நானு" என்று என்னை அடக்கிவிட்டு அவளே சொன்னாள். அவர் திட்டவில்லை. உடனே விமான நிலையச் சரக்குக் கிடங்குக்குப் போன் செய்து ஏற்றுமதியை நிறுத்தினார். அன்று மாலையே பெட்டிகள் திரும்பின. அம்மாவே ஃபோமைப் பிரித்து நூற்று ஐம்பத்திரண்டு பாக்கெட்டையும் எண்ணி எடுத்துக் கொடுத்தாள். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இன்று பதினேழு என்றதும் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் "மீதி ரெண்டு?" என்றாள்.

நீ படிக்கக் கிளம்பிப் போகும்போது உன் சர்டிபிகேட் ஃபைலுக்குள்ளும் எட்டு பாக்கெட் வைத்துத்தான் அனுப்பினாள். அது இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். இருக்கலாம் என்று நீயே போன் செய்து அவளிடம் சொல்லு பாப்பா, நான் சொன்னால் நம்ப மாட்டாள். ராத்திரி வேலை முடிந்து திரும்பும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள், சோற்றைத் தள்ளிப் போடாதே. எடுத்த படிப்பில் நீ நல்ல பேரோடு நிலைக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி.

மீதி இரண்டில் ஒன்று ஜப்பானியப் பெட்டி, மற்றது கொக்கு வரைந்த சீனப் பெட்டி. சீனப் பெட்டியின் மூடி இறுகியிருக்கிறதாம், ஈரம் ஏறித் தானாகத் தளர விட்டிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தெரியும். அம்மாவின் வேலை பற்றி ஓனர் இன்னும் வாய் திறக்கவில்லை, அவரும் அந்த நான்கு மணிக்குத்தான் காத்திருக்கிறார். மறுபடி ஃபோம் ஒட்ட அம்மாதான் வர வேண்டும் என்று காசிராஜன் சொல்லியிருக்கிறார், அதை மட்டும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
சபாபதி