கஞ்சி போட்ட பனியன்கள்

மாப்ள,

இன்று மத்தியானம் செல்லூரில் திடீர் மழை. தெருவில் நீட்டிக் கட்டியிருந்த தறிப் பாவு நூலை அவசரமாகச் சுருட்டிக்கொண்டு ஓடினோம். நனைந்த நூலிலிருந்து கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து தொலைத்தது. வேலை கெட்ட நேரமாகப் பார்த்துத்தான் வருவாய் நீ.

போன ஐப்பசியிலும் இதே மழைதான். தமுக்கம் மைதானத்தில் மில்காரர்களோடு லீக்கின் கடைசி கால்பந்து ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் நம் தறிக்காரர் டீமுக்குக் கடைசி இடம்தான். தீபாவளிச் சேலைகள் தறியில் பாதியில் நின்றன. முதலாளிகள் யாரையும் விடுவதாக இல்லை. "விட்டுருவோம் மாப்ள, எதுக்கு வம்பு?" என்றேன். ஆட வராத டீமை மறுவருஷம் லீக்கில் சேர்க்க மாட்டார்கள். அதுதான் உன்னை அரித்தது.

"இந்த வருசம் தோத்துக்கலாம்டா. அடுத்த வருசம் ஆட நமக்கு டீமு வேணாமா?"

கேப்டனாயிற்றே, வீடு வீடாகப் போய் ஆட்களைத் தறிக்குழியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தாய், இருமிக்கொண்டே. கேட்டால் பஞ்சுத் தூசி என்றாய். நாங்களும் நம்பினோம், பாவிகள்.

அதோடு விட்டாயா? "மில்லுக்காரங்ய பனியன் எம்புட்டு விறைப்பா நிக்குது! நம்மது மட்டும் கந்தலாத் தொங்கணுமா?" என்று, பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியிலேயே எல்லாருடைய பனியனையும் முக்கிக் காயப்போட்டாய். அப்பளம் மாதிரி விறைத்து நின்றன. போட்டுக்கொண்டு இறங்கியபோது நமக்கே கொஞ்சம் மிடுக்கு வந்தது, பொய் சொல்வானேன்.

ஆட்டம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கஞ்சி ஊறிக் கொழகொழவென்று வயிற்றில் வழிந்தது. கோலில் நின்ற நான் நெஞ்சோடு அணைத்த பந்து, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "கஞ்சிப் பார்ட்டி!" என்று கூட்டம் கத்தியது. "எல்லாம் உன்னாலதான்டா!" என்று உன்னைத் திட்டினேன். நீயோ ஒவ்வொரு கோலுக்கும் முன்வரிசையிலிருந்து ஓடி வந்து, என் பின்னால் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினாய்.

"இன்னும் விசில் ஊதலையேடா!"

படுதோல்வி. ஆனால் லீக்கில் நம் பேர் நிலைத்தது.

தை மாதம் பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது கட்டிலில் ஆளே இல்லை, போர்வைதான் இருந்தது. "போதும் மாப்ள. விட்ரு" என்றாய். நான் விடவில்லை. "இன்னும் விசில் ஊதலையேடா" என்றேன். சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்த வாரமே போய்விட்டாய். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. விட வேண்டாமென்று எங்கள் அத்தனை பேரையும் இழுத்து வந்தவன், நீ மட்டும் விட்டுவிடலாமா?

மழை விட்டதும் சாயங்காலம் தமுக்கத்துக்குப் போனோம். இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம். இந்தத் தடவையும் நாம்தான் கடைசி. கோல்மேல் கோல் விழுந்தது. நம் ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். என் பின்னால் பந்து சேற்றில் கிடந்தது. நீ ஓடி வந்து எடுப்பாய் என்று நின்றுகொண்டிருந்தேன், கிறுக்கன்.

அப்புறம் நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். கோல்கீப்பர் கோலை விட்டு நடுக்கோட்டுக்கு ஓடுவதைப் பார்த்து மைதானமே சிரித்தது.

"எங்கண்ணே போறீக?" என்று கேட்டான் நம் டீமுக்குப் புதிதாக வந்தவன்.

"இன்னும் விசில் ஊதலையேடா" என்றேன். பந்தை நடுவில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலுக்குத் திரும்பி ஓடினேன்.