பூட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்

என் அருமை அத்தானே, ஒற்றைத் தொண்டையால் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷன் ரயில்களையெல்லாம் தாமதப்படுத்தியவரே,

நீங்கள் ஆண்டவரிடம் போய் இரண்டு வருஷமாகிறது. அங்கே பாட்டுக்குழுவில் உங்களைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தால் சொல்லுங்கள், மனு எழுதிப் போடுகிறேன். அக்கா சுகம். நம் சபையார் எல்லார் கையிலும் இப்போது செல்போன். ஆராதனைக்கு நேரமானால் ஒரு மிஸ்டு கால். அதுதான் நம் கோயில் மணி.

ஆனால் லாட்ஜ் மாடியில் ஆராதனைக்கென்று நீங்கள் வாடகைக்குப் பிடித்த அறைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார், லாட்ஜ்காரர் பூட்டிவிட்டார். ஓட்டல்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலப் பலகாரத்துக்கும் நடுவே, ஞாயிறு மூன்று மணிக்குக் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம். அதை விட்டால் நம் பரோட்டா மாஸ்டர்களும் கொத்தனார்களும் தமிழில் அழுவதற்கு இந்த ஊரில் வேறு இடம் ஏது?

எனக்கு வந்த கோபத்தில் சங்குமுகத்தில் கடல் ஒரு முழம் உள்வாங்கியது. அந்த ஞாயிறு நாற்பது பேரும் மாடிப்படியில் திகைத்து நிற்க, நான் கையை உயர்த்தினேன்.

"ஆண்டவரே, அந்த மனுஷனுக்குப் பல்லு ஒண்ணொண்ணா உதிரட்டும்."

"வாய மூடுலே," என்றாள் அக்கா. "மொதல்ல ஸ்தோத்திரம். கேக்கதெல்லாம் பொறவு. அவுக சொன்னது மறந்து போச்சா?"

மறக்குமா? எந்த ஆபத்திலும் ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்காமல் யாரும் விண்ணப்பத்தைத் தொடக் கூடாது. நீங்கள் போட்ட சட்டம். தீப்பிடித்த வீட்டுக்குள் நின்று கூரையைப் புகழ்வதுபோல அது எனக்கு எப்போதும் இடிக்கும்.

பரோட்டா மாஸ்டர் செல்வின்தான் ஆரம்பித்தார். "அடுப்பையும் அதுக்கு முன்னால நிக்கவனையும் படைச்சவரே, ஸ்தோத்திரம்." அடுத்த படியில் ஒரு கொத்தனார், "கடலுக்குக் கரை கட்டினவரே, ஸ்தோத்திரம்." மைக் இல்லை, மேளம் இல்லை. படி படியாக அது மேலே ஏறி வந்தது. கதவை ஒட்டி, லாட்ஜில் கூட்டிப் பெருக்கும் ரூபி நின்றாள். பூட்டைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்:

"பூட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிறவரே, ஸ்தோத்திரம்."

அத்தான், நான் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன். ஆனால் இதைக் கூட்டாமல் எழுதுகிறேன்: அங்கே யாரோ நின்றார். எங்களைவிட, லாட்ஜ்காரரைவிட, அந்தக் கட்டிடத்தைவிடப் பெரியவர். என் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

கீழே அந்த ரிட்டயர்டு சார் வந்து நின்றிருந்தார். "இன்னு மைக்கு இல்லே?"

"இல்ல சார்."

"வீட்டுக்காரி கிடப்பிலாணு. ஒறக்கமே இல்ல. அதா பறஞ்ஞது." படுத்த படுக்கையான மனைவிக்கு எங்கள் சத்தத்தில் தூக்கமில்லை, அதைத்தான் புகாராகச் சொன்னாராம்.

அந்த மைக்கும், பீரோ உயர ஸ்பீக்கரும் உங்கள் ஞாபகமாக நான் வாங்கி வைத்தவை. பாதாளம்வரை கேட்க வேண்டும் என்று முழுச் சத்தத்தில் வைத்தவனும் நானே. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமோ?

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "அந்த அம்மாவ எங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சவரே, ஸ்தோத்திரம்."

பூட்டு இன்னும் தொங்குகிறது, அத்தான். அந்த சாரே போய்த் திறக்கச் சொல்லியும், "தமிழன்மாரு வேற ஸ்தலம் நோக்கிக்கோ" என்கிறார் லாட்ஜ்காரர். படியிலிருந்தும் விரட்டுவாரோ என்னவோ. ஆனால் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. போன ஞாயிறு படியில் நின்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். நானூறு என்று எழுத வந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

படியில்லாவிட்டால் தெருவில் நிற்போம். எங்கே நின்றாலும் மூன்று மணிக்கு முதல் ஸ்தோத்திரம் என்னுடையது. மெதுவாகத்தான் சொல்வேன். அவருக்குக் கேட்கும், உங்களுக்கும் கேட்கிறதா?

பல்லை உதிர்க்கச் சொன்ன ஜெபத்தை வாபஸ் வாங்கிய,
உங்கள் ஒரே மச்சினன்,
தங்கராஜ்