பிஜோவும் கல்யாண முக்காடும்

என் அன்பு மகன் வியேரிக்கு,

லிஸ்பனில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, முதலாளியிடம் நல்ல பெயரோடு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன், மாதா புண்ணியத்தில் நானும் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. உன் கடிதம் ஈஸ்டர் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அப்பாவை அடக்கம் பண்ணக்கூட வர முடியவில்லையே என்றும், கண்ணை மூடினால் அவர் உடம்பெல்லாம் புழுவாக மாறுகிற மாதிரி கனவு வருகிறது, தூங்கவே முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அழுதுவிட்டு எழுந்துவிட்டேன். இப்போது தெரியும். ஆனால் முதலில் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் அது உனக்குப் புரியும்.

அப்பா போன பிறகு வந்த பனியில் நம் தேன்கூடுகள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. கூடையைத் தூக்கிக் கவிழ்த்தால் தேனீக்கள் உமி மாதிரிக் கொட்டின. தேனும் மெழுகும் இல்லாமல் இந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று உனக்கே தெரியும். மிச்சம் இருந்தது நம் எருது பிஜோ ஒன்றுதான். எருதிடம் பேசுகிறாள் என்று ஊர் சிரிக்கிறது, சிரிக்கட்டும். நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் இருந்துவிட்டு சாயங்காலம் அதற்கு வைக்கோல் போடும்போது வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்கிறது. ஒரு ரொட்டி சுட்டால் பாதி காய்ந்துபோகிறது, அதையும் பிஜோதான் தின்கிறது. தனியாக இருக்கிறேன் வியேரி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தப் பிஜோவுக்குத்தான் உன் பல்தோ சித்தப்பா நாள் குறித்தார். பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அவருக்குச் செத்த பாஷையில் இருப்பதெல்லாம் வேதவாக்கு. எருதைத் தடியாலேயே அடித்துக் கொல்ல வேண்டுமாம், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாதாம், மூக்கையும் வாயையும் துணியால் அடைத்து, தைம் என்கிற வாசனைத் தழை பரப்பிய கொட்டிலில் பூட்டிவிட்டால் அந்த உடம்பு அழுகி அதிலிருந்து தேனீக்கள் கூட்டம் கூட்டமாகப் பிறந்து வருமாம். "அண்ணி, நானா சொல்றேன், ஆயிரம் வருஷமாப் பெரியவங்க எழுதி வச்சிருக்காங்க, கெட்ட கறியில புழு வரலையா, அதே மாதிரிதான் இதுவும்" என்றார். எருதில் பாதி அவர் பங்கு, வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதி நம்பிக்கைதான். கெட்ட கறியில் புழு தானாக வருவதை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் பிளாரன்சிலிருந்து வந்த கோவேறு கழுதைக்காரர் ஒருவர் கிணற்றடியில் ஒரு வேடிக்கை சொன்னார், அரண்மனை வைத்தியர் யாரோ கறியையும் மீனையும் ஜாடிகளில் போட்டு அழுகவிட்டுக் காவல் காக்கிறாராம், ஈ உட்காராத கறியில் புழுவே வரவில்லையாம். எல்லாரும் சிரித்தார்கள், நான் வீட்டுக்கு வந்து கசாப்புக் கடையில் ஆட்டுக்கறி வாங்கி இரண்டு சட்டியில் போட்டேன், ஒன்றைத் திறந்து வைத்தேன், ஒன்றை மூடி ஓரத்தில் மெழுகு பூசினேன். சித்தப்பாவைக் கூப்பிட்டு, தம்பி, மூடின சட்டியில் புழு வந்தால் பிஜோவைக் கயிற்றோடு உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். சில நாள் வெயிலில் திறந்த சட்டியில் புழு நெளிந்தது, மூடின சட்டியில் நாற்றம் மட்டும்தான். ஆனால் சித்தப்பா விடுவாரா. "காத்தே இல்லாம அடைச்சு வச்சா எது அண்ணி உசிரோட பிறக்கும், உங்களையே ஜாடியில போட்டு மூடினா நீங்க பாடுவீங்களா" என்றார். கோபம் வந்தது, ஆனாலும் அவர் கேட்டது நியாயம்தான். கறியிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று அந்த மெழுகு மூடியால் எப்படிச் சொல்ல முடியும்? காற்று போக வேண்டும், ஈ போகக் கூடாது. யோசித்து யோசித்துக் கடைசியில் பெட்டியைத் திறந்து என் கல்யாண முக்காட்டை எடுத்தேன், அந்த மெல்லிய பட்டு வலை உனக்கு ஞாபகம் இருக்கும். சட்டியில் புதுக்கறி போட்டு, முக்காட்டை அதன் வாயில் இழுத்துக் கட்டினேன்.

ஈ மொய்த்தது பார், வெள்ளை முக்காடு கறுப்பானது. நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணிக்கு ஈன்னாலே ஆகாது, அண்ணன் செத்த அன்னிக்கும் ஈயோடதானே சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க" என்று குத்தினார், குத்திவிட்டு அவரும் இன்னொரு முக்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்த்தோம். புழு வந்தது வியேரி. ஆனால் முக்காட்டின் மேலே வந்தது. ஈ வைத்த முட்டை துணியிலேயே பொரிந்து, கறியைத் தேடிக்கொண்டு துணிமேலே நெளிந்தது. துணியை மெதுவாக அவிழ்த்து, சித்தப்பா குச்சியால் கறியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. "ஆட்டுக்கறி வேற, எருது வேற" என்று முனகிக்கொண்டே போனார், மறுநாள் வந்து அந்தப் பேச்சையே எடுக்காமல் பிஜோவின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார். பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்குத் தெச்சாவின் நிலத்தைப் பிஜோவை வைத்து உழுதுகொடுத்தோம், அவள் வீட்டுக் கூட்டிலிருந்து பிரிந்த தேனீக்களைக் கூடையோடு தந்தாள். இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே அவற்றின் சத்தம் கேட்கிறது. எருது கொடுத்த தேனீதான் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது உன் கனவுக்கு வருகிறேன். அப்பா இறந்தது ஆகஸ்ட் வெயிலில். கண்ணை மூடின நேரத்திலிருந்து அடக்கம் பண்ணுகிற வரை நான் அவர் தலைமாட்டில் லாரல் கிளையோடு உட்கார்ந்து ஈ ஓட்டினேன். அவருக்குத் தெரியவா போகுது, விடு ஓர்சோலா என்றார்கள், பைத்தியம் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கும் காரணம் தெரியாது, உயிரோடு இருந்தபோது சாப்பாட்டில் ஈ உட்கார்ந்தாலே முகம் சுளிப்பாரே என்றுதான். பிறகு நான் நெய்த விரிப்பில் முகம் முதல் கால் வரை இடைவெளி விடாமல் சுற்றி என் கையாலேயே தைத்தேன், கோயில் தரைக்கடியில் இறக்கி, மேல்கல்லை அன்றே சுண்ணாம்பு வைத்து மூடினார்கள். ஒரு ஈகூட அவர்மேல் உட்காரவில்லை வியேரி, அதற்கு நான் சாட்சி. வெளியிலிருந்து வராதது உள்ளே தானாகப் பிறப்பதில்லை, அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். உன் அப்பா மண்ணாகப் போவார், எல்லாரும் போகிற வழிதான் அது. புழுவாகப் போகவில்லை. நீ தூங்கு.

ஆண்டவரும் நம் தேனீக்களின் காவலர் அர்ச்சிஷ்ட அம்புரோசியாரும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள், கறி வாங்கினால் துணி போட்டு மூடி வை. முக்காட்டை வெந்நீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறேன், கறை முழுக்கப் போகவில்லை. உனக்குப் பெண் அமைந்தால் அவள் தலையில் அதைத்தான் போடுவேன், முகம் சுளிக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வை. அதற்காகவாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

உன் அம்மா,
ஓர்சோலா