எட்டாம் வகுப்பு கண்டுபிடித்த வடிகால்

பாய்,

இன்று காலை பள்ளி அலமாரியைத் துடைத்தபோது உங்கள் ஜி.பி.எஸ். கருவி கையில் தட்டுப்பட்டது. துபாயில் சாலை போடும் கம்பெனியில் பதினோரு வருடம் சர்வே வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பும்போது நீங்கள் கொண்டுவந்தது. உங்களை அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகள் அப்போது எட்டாம் வகுப்பில் என் மாணவி. உலகப் படத்தில் நைல் நதியைச் சரியாகக் குறித்தவள், நம் ஊர் வாய்க்கால் எந்தத் திசையில் ஓடுகிறது என்றதும் விழித்தாள். அதை உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள்.

"புள்ளைங்க மேல தப்பில்ல டீச்சர். வெளிய கூட்டிட்டு வாங்க, நானும் வரேன்."

சனிக்கிழமைதோறும் இருபது பிள்ளைகளோடு வாய்க்கால், வடிகால் ஓரமாக வரப்பில் நடந்தோம். அங்கங்கே நின்று கருவி காட்டிய எண்களை நோட்டில் எழுதினார்கள். பிறகு பள்ளியின் ஒரே கம்ப்யூட்டரில், செயற்கைக்கோள் படத்தின் மேல் அவற்றைப் புள்ளிகளாக வைத்தார்கள். "இது பரீட்சைக்கு வருமா?" என்றார் தலைமையாசிரியர்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கீழத்தெரு வயல்களில் சம்பா நாற்று மூழ்கி நின்றது. தண்ணீர் வடியவே இல்லை. அதில் உங்கள் மகளோடு படித்த செல்வி வீட்டு நிலமும் ஒன்று. காலமெல்லாம் கூலிக்கு நட்ட அவள் அம்மா, முதன்முதலாகத் தன் சொந்த மண்ணில் நட்ட பயிர். செல்வி நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தாள்.

"டீச்சர், நம்ம புள்ளியெல்லாம் பிளாட்டு வரைக்கும் வந்து நின்னுபோவுது. அந்தாண்ட மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல வடிகால் எங்க?"

அன்று மாலையே கடப்பாரையோடு போனீர்கள். மனை போடக் கொட்டிய மண்ணுக்கு அடியில் பழைய மதகின் செங்கல் தட்டுப்பட்டது.

மறுநாள் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நன்னிலம் தாலுகா அலுவலகத்துக்கு பஸ் ஏறினோம். "இங்க வடிகால் இருந்துச்சுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார் அதிகாரி. செல்வி வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாயெடுக்கப் போனேன். வாசலோரம் நின்ற நீங்கள் மெல்லத் தடுத்தீர்கள். "இருங்க டீச்சர். புள்ளையே சொல்லும்."

பிறகு அவள் காகிதத்தில் விரலை வைத்தாள்.

"யாரும் சொல்லல சார். நாங்களே நடந்து பாத்தோம். இந்தப் பக்கம் இருபத்திரெண்டு புள்ளி, அந்தப் பக்கம் ஒம்போது. நடுவுல மட்டும் மண்ணு."

அதிகாரி பழைய நிலப்படத்தை வரவழைத்துப் பக்கத்தில் விரித்தார். வடிகால் அதே இடத்தில் ஓடியது. அடுத்த நாள் காலை மண்வெட்டும் இயந்திரம் வந்தது. மண் சரிந்து தண்ணீர் பீறிட்டபோது இருபது பேரும் கத்திய கத்தலில் மடையான் கொக்குகள் எழும்பிப் பறந்தன. சாயங்காலம் செல்வியின் அம்மா, சேறு காயாத காலோடு தலைமையாசிரியர் முன் வந்து நின்றார். "பயிரு தலையத் தூக்கிடுச்சு சார்!"

அந்த வரைபடம் தலைமையாசிரியர் அறைச் சுவருக்குப் போனது. அதன்பின் அவர் பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் மகள் இப்போது சென்னையில் வெள்ளநீர் போகும் வழிகளுக்கு வரைபடம் போடுகிறாள்.

பிள்ளைகள் திணறினால் பதிலை நானே சொல்லிவிடுவது என் பழக்கம். உங்களால்தான் அது போயிற்று. நேற்று ஏழாம் வகுப்பில் ஒருத்தி திரையில் தன் தெருவைத் தேடித் தேடித் தவித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றேன்.

கண்டுபிடித்துவிட்டாள், பாய்.