கிணற்றுக்குத் தெற்கே, இரண்டாவது பனை

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் துபாயில், சத்வாவில் அதே ரூமில்தான் இருக்கிறேன். நீங்கள் படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு கோயம்புத்தூர்க்காரர் வந்திருக்கிறார். போர்வையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு டியூட்டிக்கு ஓடுகிறார். நீங்கள் பார்த்திருந்தால் அந்த மனிதரை அட்டென்ஷனில் நிற்க வைத்திருப்பீர்கள்.

நம் வீட்டில் வயதைச் சண்டையை வைத்துத்தான் சொல்வார்கள். தாத்தா வெள்ளைக்காரனுக்காக பாஸ்ராவுக்குக் கப்பலேறியபோது அத்தை கைக்குழந்தை. சீனச் சண்டை முடிந்த கையோடு நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள். அறுபத்தைந்தில் பஞ்சாப் எல்லை. எழுபத்தொன்றுச் சண்டையின்போது நான் பிறந்தேன். என்னை நீங்கள் முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு மாதம். கார்கில் சண்டையை டிவியில் காட்டியபோது உட்காராமல் நின்றே பார்த்தீர்கள். எல்லாச் சண்டையையும் கேட்டால் சொல்வீர்கள், கேட்காவிட்டாலும் சொல்வீர்கள். எண்பத்தேழில் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனதை மட்டும் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை அப்பா நான்?

என் ரூம்மேட் தேவராசா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஹோட்டல் லாண்டரியில் வேலை. நான் இந்த ரூமுக்கு வந்த முதல் வாரம், உங்கட ஆமி எங்கட ஊருக்கு வந்த காலத்தில்தான் என்ர தம்பி செத்தான் என்று சொன்னார். எந்தப் பக்கத்துக் குண்டு என்று இன்றைக்கும் தெரியாதாம், உடம்பும் கிடைக்கவில்லையாம். அடுத்த மூச்சில், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். போஸ்ட்மேன் என்று சொல்லிவிட்டேன். நல்ல ரூம், நல்ல மனிதர், அவர் கைச் சமையல் வேறு. எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

ஈராக் சண்டை நடந்த அந்த மார்ச்சில் நீங்கள் விசிட் விசாவில் வந்தீர்கள். ஏர்போர்ட் டாக்ஸியிலேயே விஷயத்தைச் சொன்னேன். “எந்த ஊரு போஸ்ட்மேன்டா?” என்று மட்டும் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை.

இருபத்தைந்து நாள் போஸ்ட்மேனாக இருந்தீர்கள். தினம் எத்தனை மைல் சைக்கிள் என்று அண்ணை கேட்டதற்கு, சைக்கிள் கிடையாது, நடைதான் என்றீர்கள். அது ஒன்றைத்தான் உங்களால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. டிவியில் பாஸ்ரா வந்தபோது, எங்கப்பா போன ஊர் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, தண்ணீர் கேட்டீர்கள். அண்ணைக்கு மத்தியான ஷிஃப்ட். நான் ஆபீஸ் போனபிறகு காலை முழுக்க நீங்கள் இருவரும்தான் ரூமில். என்ன பேசினீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒத்துப்போகிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

கிளம்பும் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னீர்கள்:

“அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்டா. அந்த ஊர்ல நாலு பேர என் கையால பொதைச்சிருக்கேன். எழுதி வெச்சிருக்கேன்.”

“கலாஸ்பா, முடிஞ்சு போச்சு, விடுங்க. நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, நான்தான் இங்க இருக்கணும்” என்றேன். மேலதிகாரி சொல்லுக்கு அடங்குகிற மாதிரி எனக்கு அடங்கினீர்கள். அதன்பிறகு மூன்று வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும், தேவராசா எப்படி இருக்கிறார் என்று கேட்டீர்கள். நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன்.

காரியம் முடிந்து உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்த நோட்டு கிடைத்தது. மேலே ஊர்ப்பெயர், கீழே நான்கு பேரின் அடையாளம். மூன்றாவது இப்படி இருந்தது: “வயது இருபது இருக்கலாம். இடது முழங்கையில் தீத்தழும்பு. கிணற்றுக்குத் தெற்கே, இரண்டாவது பனை. எரிக்க நேரமில்லை. நெற்றியில் திருநீறு வைத்தேன்.” மேலே எழுதியிருந்தது தேவராசா அண்ணையின் ஊர்.

அதை இங்கே கொண்டுவந்தும் இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதம் சூட்கேஸ் அடியிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அங்கே மறுபடி சண்டை மூண்டு, யாழ்ப்பாணம் போகும் பாதையை மூடிவிட்டார்கள். நீங்கள் வந்தபோது அந்தப் பாதை திறந்திருந்தது அப்பா. அண்ணை இரண்டு முறை லீவில் அதே வழியாகத்தான் ஊருக்குப் போய் வந்தார்.

போன வெள்ளிக்கிழமை காலை, அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லி, நோட்டைக் கையில் கொடுத்தேன். மூன்றாவது ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தம்பிக்குச் சின்னனில கஞ்சிப் பானை கவிண்ட தழும்பு. இத உம்மட ஐயாவுக்கு நான்தான் சொன்னனான். கேட்டிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினவர்.”

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கலாஸ் என்று சொன்ன அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதோடுதான் விமானம் ஏறினீர்களா?

அவருடைய அம்மா போன வருஷம்தான் இறந்தார். “கடைசி வரைக்கும் அவனுக்குத் திவசம் செய்ய விடேல்ல. உடம்பக் காணேல்ல, எங்கயோ இருப்பான் எண்டு சொல்லிச் சொல்லியே போனவ” என்றார். அந்தக் கிணறு அவர்கள் வீட்டிலிருந்து நான்கு வேலி தள்ளித்தான் இருக்கிறதாம். பதினெட்டு வருஷம் அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அண்ணை என்னைத் திட்டவில்லை. “நீர் ஐயாவக் கதைக்க விட்டிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். இப்போதும் எனக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது.

உங்களுக்கு அவமானம் என்று நினைத்து மறைத்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை அப்பா. எனக்குப் பயம். நீங்கள் இத்தனை சண்டை பார்த்தும் செய்யாததை, ஒரு தாயிடமிருந்து பிள்ளையை மறைப்பதை, ஒரு ரூமுக்காக நான் செய்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி உங்களிடம் கேட்கலாம். அந்த அம்மாவிடம் எப்படிக் கேட்பேன்?

பாதை திறக்கிற அன்றைக்கு லீவ் போட்டுவிட்டு அவரோடு போவேன். கிணற்றுக்குத் தெற்கே நின்று அந்த நான்கு பேரைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சத்தமாக வாசிப்பேன். இது யார் எழுத்து என்று ஊரார் கேட்டால், எங்கப்பா எழுதியது, பட்டாளத்தில் சுபேதார் என்று சொல்வேன். அதற்கு அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

உங்களைப் போஸ்ட்மேன் ஆக்கிவிட்டு,
இன்று உங்கள் எழுத்தைக் கொண்டுசேர்க்க வழி தெரியாமல் நிற்கும்
உங்கள் மூத்த மகன்
குமரேசன்