மாடியில் ஒரு தம்மாம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பால் இன்றைக்கும் அரை லிட்டர் கூடுதல். அந்தப் பிள்ளை வந்திருந்தாள், மூன்றாவது தடவை. பெயர் அபினா. குளச்சல் பக்கம் கடற்கரை ஊர், படிப்பது வெளிநாட்டில். மானுடவியலாம். ஊர் விட்டுப் போனவர்கள் போன இடத்தில் எப்படி இருந்தார்கள், அந்த இடம் அவர்களை என்ன செய்தது என்பதுதான் ஆராய்ச்சி. அஞ்சுகிராமத்தில் வளைகுடா போய்த் திரும்பிய ஆண்களை வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். மற்ற வீடுகளில் ஒரு நாளோடு முடிந்தது. எங்கள் வீட்டில் தீர்வதாகக் காணோம்.

மகள் அஞ்சலியின் பள்ளிக்கூட அகராதியை எடுத்துப் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மீதியை மகளின் புத்தகங்களை வைத்துத்தான் படித்தேன். ‘மனிதரைப் பற்றிய படிப்பு’ என்று போட்டிருக்கிறது. மனிதரை எதற்குப் படிக்க வேண்டும்? கூட இருந்தால் போதாதா?

நீ எவ்வளவு நாள் கூட இருந்தாய் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன்? கல்யாணமாகி முப்பது வருஷம். அதில் பெரும்பங்கு இவர் சவூதியில், தம்மாமில். ஏ.சி. மெக்கானிக். திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்ததிலிருந்து பேப்பர், டிவி, ‘ம்’.

ஜூன் 5, வியாழன்

காலை முழுக்க அந்தப் பிள்ளையிடம் பேசினார். என்னிடம் பேசியது: “சட்னில உப்பு.” கூடுதலா குறைவா என்றுகூடச் சொல்லவில்லை.

அங்கே இருந்தபோதும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை போன் வரும். “சொகமா? பிள்ள படிக்காளா? வைக்கட்டா?” முடிந்தது. பேச்சே வராத மனுஷன் என்று நினைத்துச் சமாதானமாகியிருந்தேன். வருகிறதே இப்போது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி!

ஜூன் 8, ஞாயிறு

சாமி கும்பிடத் தாங்கலுக்குப் போனேன். எங்கள் அய்யாவுக்குச் சிலை கிடையாது, கண்ணாடிதான். முன்னால் போய் நின்றால் நம் முகம்தான் தெரியும். இன்று தெரிந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அய்யா, அது உமக்கும் பிடித்திருக்காது.

அவள் மகள் வயசுப் பிள்ளை. நான் அந்த மாதிரி எதுவும் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. அவள் இவரை எடுத்துக்கொண்டு போகட்டும், வீட்டுவேலையாவது குறையும். அந்த வார்த்தைகளைத்தான் — அதெல்லாம் என்னுடையது இல்லையா?

ஜூன் 10, செவ்வாய்

டம்ளரை வைக்கப் போனபோது அபினா கேட்டாள்: “ஆன்ட்டி, உங்ககிட்டயும் பேசணுமே.”

“நான் எங்க போனேன் மக்கா? இந்த வீட்டுக்குள்ளதான் கெடந்தேன்.”

“போகாம இருந்ததும் எங்க படிப்புல உண்டு ஆன்ட்டி.”

கேலியா, உண்மையா, தெரியவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த ‘ஆன்ட்டி’யும் பிடிக்கவில்லை. அக்கா என்றால் வாய் வலிக்குமா?

ஜூன் 11, புதன்

இன்று கேட்டதை எழுதாமல் இருக்க முடியாது. நான் அடுக்களையில், அவர்கள் முன் அறையில். நடுவில் ஒரு சுவர்தான்.

“ஒரு தடவ எனக்கு அம்ம போட்டுது பிள்ள. எட்டு பேரு கெடக்கப்பட்ட ரூம்பு. பயந்துட்டானுவ. கட்டிலத் தூக்கி நடையில போட்டானுவ. ஒரு கோட்டயத்துக்காரன் மட்டும் தள்ளி நின்னு கஞ்சிய நீட்டுவான்.”

“வீட்டுக்குச் சொன்னீங்களா அங்கிள்?”

“சொல்லி? அவ அங்க இருந்துகிட்டு என்ன செய்வா, பாவம்.”

பாவமாம். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. கணக்கில் ‘பால் — பொங்கியது’ என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

ஒரு வருஷம் லீவுக்கு வந்தபோது நெற்றியில் ஒரு குழி இருந்தது. விரலை வைத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டேன். “வெயில் கட்டி” என்றார். நம்பினேன். வெள்ளரிக்காய் அரைத்துப் போட்டேன், ஒரு வாரம்! இத்தனை வருஷம் என் கண்ணெதிரே இருந்த குழி. அது என்னவென்று குளச்சல்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஜூன் 12, வியாழன்

பக்கத்து வீட்டு நேசபாய் கொடியில் துணி போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏட்டி சொர்ணம், உன் வீட்டுல ரேடியோ ஸ்டேஷன் தொறந்திருக்காவளாமே? எங்க ஆளுகிட்டயும் அந்தப் பிள்ள வந்து கேட்டா. ‘போனேன், வேல செஞ்சேன், வந்தேன்’னு அரை மணிக்கூறுல அனுப்பிட்டாரு.”

“அவியளுக்கு நிறைய அனுபவம் உண்டு” என்றேன், பெருமை போல.

“உன்கிட்ட சொல்லியிருப்பாருல்லா எல்லாம்?”

“பின்னே?”

அய்யா மன்னிக்கட்டும்.

ஜூன் 14, சனி

இன்று புது வேலை. “வாயால சொன்னா எனக்குப் பிடிபடல அங்கிள். அந்த ரூம்ப அதே அளவுல தரையில வரைங்க. உள்ள நடந்து காட்டுங்க” என்றாளாம். மாடியில் ஷீட் போட்ட பக்கம், நான் துணி காயப்போடுகிற இடத்தில், துணியை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, சாக்பீஸால் வரைந்திருக்கிறார்கள். சுவர், வாசல், இரட்டைக் கட்டில்கள், அடுப்பு மேசை.

நான் டீயோடு ஏறினேன். அவர் கட்டில் கோட்டுக்குள் உட்கார்ந்து கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

“ஆன்ட்டி, பாத்து! சுவர் வழியா வாறீங்க!”

அவள் சிரித்தாள். போகட்டும். அவரும் சிரித்தார், பல் தெரிய. “வாசல் இந்தப் பக்கம்ட்டி.”

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் சுவர் வழியாகவே வந்தேன்.

என் வீடு. நான் கூட்டிப் பெருக்குகிற தரை. அதில் எனக்கு வாசல் தெரியாதாம்.

புதன்கிழமை வந்து அளந்து படம் எடுப்பாளாம். அதுவரை அங்கே துணி காயப்போடக் கூடாதாம்.

ஜூன் 15, ஞாயிறு

விடிந்ததும் மாடியைக் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

தாங்கலில் நெற்றிக்கு நாமம் இட்டார்கள். கண்ணாடியைப் பார்க்காமல் வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் மேலே போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். “ஏட்டி சொர்ணம், மாடி என்ன ஆச்சு?”

“சாரல் அடிச்சிருக்கும்.”

“ஷீட்டுக்குக் கீழயா?”

“காத்தும் உண்டும்லா.”

குனிந்து மோந்து பார்த்தார். “சாரலுக்கு எப்பம்ட்டி பிளீச்சிங் பவுடர் வாங்கிக் குடுத்தே?”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காரலைப் பார்த்ததும்தான் எனக்கு வந்தது, எங்கிருந்தோ. நெத்தியில குழி, வெயில் கட்டின்னிய, நான் பைத்தியக்காரி மாதிரி வெள்ளரிக்கா அரச்சேன், முந்தாநாள் வந்தவளுக்கு எல்லாம் தெரியுது, எனக்கு என்ன தெரியும், பேங்க் டிராப்ட் வந்த தேதி தெரியும், வேற என்ன தெரியும் — அழுகையும் கோபமுமாக என்னென்னவோ சொன்னேன்.

“நீ கேக்கலியே” என்றார்.

“கேட்டா சொல்லியிருப்பியளா?”

நெற்றியைத் தடவிக்கொண்டார். “தெரியல்ல.”

அது உண்மை என்று பட்டது. அதனாலேயே மேலே சண்டை போட முடியவில்லை.

பிறகு எழுந்தார். “புதங்கிழம அந்தப் பிள்ள அளக்க வாறா. வாக்கு குடுத்தாச்சு. டேப்போட அந்த முனையப் பிடி.”

பிடித்தேன். நான் கழுவியதை நானே திரும்பப் போட வேண்டியதாயிற்று. இவர் சொல்லச் சொல்ல நான் முனையைப் பிடித்தபடி நகர்ந்தேன். சுவர் வந்தது. கட்டில் வந்தது. அதன் அகலத்தைப் பார்த்து, தப்பாக அளந்துவிட்டோம் என்று டேப்பைத் திரும்ப வைத்தேன். தப்பு இல்லை. அதில் எப்படிப் புரண்டு படுப்பது? “புரளக் கூடாது” என்றார், சாதாரணமாக.

வரைந்து முடிந்தபோது நான் கேட்டேன். அந்தப் பிள்ளை எத்தனையோ கேட்டிருப்பாள், இதைக் கேட்டிருக்க மாட்டாள். “எனக்குப் போன் பேசும்போது இதுல எங்க நின்னிய?”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வாசல் வழியாக வெளியே வந்து, நடந்து, துணிக்கொடியையும் தாண்டிப் போய் நின்றார்.

“இங்க. கீழ, தண்ணி டாங்கிப் பக்கத்துல. ஒரே போன். வெள்ளிக்கிழம பின்னால இருபது பேரு நிப்பான். எல்லாவனுக்கும் நாம பேசுகது கேக்கும். என்னத்தப் பேச?”

“பிறகு மொபைல் வந்துதே.”

“வந்துது. அதுக்குள்ள அப்பிடியே பழகிப் போச்சு.”

டேப்பைச் சுருட்டினேன். அவரே சொன்னார்: “வச்சிட்டு திரும்பவும் வரிசைக் கடைசில போய் நிப்பேன். சொல்ல விட்டது ஞாபகம் வரும். நம்ம முற வரும்போ போன் கார்டுல காசு இருக்காது.”

“இல்லன்னு தெரிஞ்சே நின்னியளா?”

“ம்.”

அவர் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். கோணலாக வந்தது. அங்கே வரிசையில் இவர் நின்றாராம். இங்கே ‘வைக்கட்டா’ கேட்டதும், மனுஷனுக்குப் பாசமே கிடையாது என்று நான் ரிசீவரை வைத்திருக்கிறேன். எத்தனை வெள்ளிக்கிழமை.

ஜூன் 18, புதன்

அபினா வந்தாள். மழையில் அழிந்துவிட்டதாகவும் திரும்ப வரைந்ததாகவும் இவரே சொன்னார், என் பக்கம் பார்க்காமல். டேப் பிடித்து அளந்தாள், படம் எடுத்தாள். நான் டீ கொண்டு போனேன், வாசல் வழியாக.

துணிக்கொடிக்கு அப்பால் இருந்த கோணல் வட்டத்தைப் பார்த்துவிட்டாள். “இது என்ன அங்கிள்? அன்னைக்கு இல்லையே?”

நான் தட்டோடு நின்றேன். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவளிடம்தான் எல்லாம் சொல்வாரே.

“அது ஒண்ணும் இல்ல பிள்ள” என்றார். “அது இவளுக்குத் தெரியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு டீயை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் சீனி வேணுமா மக்கா என்று கேட்டேன். முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. மாடியில் கண்ணாடி இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

தாங்கலில் கூட்டம். கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபினா ஊருக்குப் போய்விட்டாள். பால் பழையபடி. துணி இன்னும் மாடிக்கு ஏறவில்லை, முன்பக்கக் கொடியில்தான் காய்கிறது. நேசபாய் காரணம் கேட்டாள், சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் கேட்டார்: “அப்பம் நம்ம போன் எங்கட்டி இருந்துது? நீ எங்க நின்னு பேசுவே?” மாடிப்படிக்கு அடியில் என்றேன். அங்கே இப்போது அரிசி மூட்டை இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்து அவரே அதை நகர்த்தினார்.

நாளை வாங்க: உளுந்து, நல்லெண்ணெய், சாக்பீஸ் ஒரு பெட்டி.