முதலில் மூடிய கத்தி

தியேர்
2016 நவம்பர் 14

அன்புள்ள ரெஜிஸ்,

இன்றைக்கு எனக்கு எண்பத்தோரு வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்தச் சண்டை" என்று நீ எழுதியிருந்தாய். எந்த வயதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பு கூடிவிட்டது. கைத்தடி இன்னும் இருக்கிறது. நடப்பதைவிட ஆட்களைச் சுட்டிக்காட்டத்தான் அதிகம் உதவுகிறது.

வியாழக்கிழமை காலையில் முதியோர் இல்லத்தின் நிர்வாகி மதாம் லார்தியே உன்னைத் தொலைபேசியில் அழைப்பார். உன் அப்பாவின் பையில் கத்தி இருக்கலாமா, கூடாதா என்று கேட்பார். நான் மருத்துவமனையில் கிடந்தபோது அவரை அங்கே சேர்த்துக் கையெழுத்திட்டவன் நீ. ஆகவே சட்டப்படி பதில் சொல்லவேண்டியவனும் நீயே. அவரோடு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்ட எனக்கு இதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாதாம். சட்டம் அப்படியிருந்தால் இருக்கட்டும். ஆனால் நீ வாயைத் திறக்குமுன் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு.

வசந்த காலத்தில் அவருடைய பழைய கொம்புப்பிடிக் கத்தியை 'பாதுகாப்பு' என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள். உன்னைக் கேட்டார்கள், நீ ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றாய். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பொருளைக் கொடுத்தார்கள். அது வெண்ணெயிடமே தோற்றுப்போகும். அன்றிலிருந்து உன் அப்பா மதியச் சாப்பாட்டு மேசையைவிட்டு எழுவதில்லை. எல்லோரும் போனபிறகும் உட்கார்ந்தே இருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்க வருகிறவர்கள் அவரைச் சுற்றித் தட்டு வைக்கிறார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தால் மேசை விளிம்பைப் பற்றிக்கொள்கிறார். 'முரட்டுத்தனம்' என்று பெயரிட்டு, அவருடைய சூப்பில் தூக்க மருந்தைச் சொட்டுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் மாடு மேய்த்து, ஒரு மாட்டைக்கூடக் குச்சியால் அடிக்காத மனிதருக்கு.

ஒருநாள் மதியம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், பார்த்ததுமே விளங்கிவிட்டது. ரொட்டித் துண்டு ஒன்றை இடக்கையில் தயாராக வைத்துக்கொண்டிருந்தார். வலக்கை மேசைக்கு அடியில் கால்சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே இருந்தது. மேசைக்குப் பெரியவர் கத்தியை ரொட்டியில் துடைத்து மூடினால்தான் நம் ஊர்ப்பக்கத்தில் சாப்பாடு முடிகிறது. அதுவரை யாரும் எழுவதில்லை. உன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார். அது தவறென்றும் சொல்ல முடியாது. இந்த ஒன்றுமட்டும் மறக்கவில்லை.

மதாம் லார்தியேவிடம் சொன்னேன். அவர் பாரிஸ்காரர், நம் வழக்கம் தெரியாது. "மதாம், சாப்பாடு முடிஞ்சுபோச்சுன்னு நாங்களும் எத்தனை தடவதான் சொல்றது?" என்றார்.

"நீங்க சொல்லி முடியாதும்மா. அவர்தான் முடிக்கணும்," என்றேன்.

நீ அந்த அம்மாளிடம் பேசி, சிறியதாக, மெல்லியதாக ஒரு கத்தியை ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று சம்மதிக்க வைத்தாய். அதற்கு நன்றி. நன்றி இத்தோடு முடிகிறது. ஏனென்றால் அடுத்து நீ அனுப்பிய பொருள் இருக்கிறதே, அதன் பெட்டி கத்தியைவிட நான்கு மடங்கு பெரியது. உள்ளே ஒரு துண்டுத்தாள்: 'கனவான்களின் அன்றாடத் துணை, சத்தமின்றித் திறந்து, சத்தமின்றி மூடும்.' கன்னங்கரேலென்று, வழவழவென்று, கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும் ஒரு தகடு. உன் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் வைத்து, "இந்தாங்க டீச்சர், யாரோ லைட்டர விட்டுட்டுப் போய்ட்டாங்க," என்றார். அதை இந்தப் பொட்டலத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தபால் உறை கிழிக்க வைத்துக்கொள். சத்தமில்லாமல் மூடுவதைப் பெருமை என்று அச்சடிக்கிறவன் எந்த மேசையில் சாப்பிட்டு வளர்ந்தானோ தெரியவில்லை.

ஆகவே நானே கிளம்பினேன். மேல்தெருவில் முசியே ஷோமெத்தின் கத்திக் கடை. பல்கலைக்கழகத்தில் உலோகங்களைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். இருந்தும் ஒரு கத்தி வாங்க அன்றுதான் முதல்முறையாகக் கடைக்குப் போனேன். நம் வீடுகளில் பெண்கள் கத்தி வாங்குவதில்லை. துடைத்த கத்தியைப் பார்த்துக்கொண்டு, எப்போது எழலாம் என்று காத்திருப்பார்கள். அதைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. இது அதற்கான கடிதம் அல்ல.

கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"இத பாருங்க மதாம். பையில இருக்கிறதே தெரியாது."

"தெரியணும் முசியே. இருக்குதான்னு அவர் ஓயாம தொட்டுப் பார்ப்பார்."

"அப்ப இது. ஒரே கையால திறந்துடலாம்."

"அவருக்குக் கடவுள் ரெண்டு கை கொடுத்திருக்கார். ரெண்டுக்கும் வேற வேலை கிடையாது."

மெல்லியதாகத்தான் வேண்டும், அதற்குத்தான் நீ சம்மதம் வாங்கியிருந்தாய். கூர்முனை கூடாது; மதாம் லார்தியேவுக்கு மயக்கம் வரும். விரித்த கத்தியைப் பூட்டும் விசை கூடாது. உன் அப்பாவின் விரல்கள் அதைத் தேடித் தோற்றுப்போகும். நகம் நுழைத்துத் திறக்கப் பள்ளம் வேண்டும், அவருடைய கட்டைவிரலுக்கு அது தெரியும். இவ்வளவும் பொருந்தியவை ஆறேழு தேறின. அவற்றை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து மூடிப்பார்த்தேன். முசியே ஷோமெத் பல்வலி வந்தவர்போல முகத்தைச் சுளித்தார்.

"ஐயோ மதாம், அப்பிடி டக்குனு விடாதீங்க. உள்ள இருக்கிற ஸ்பிரிங்ல இடிச்சு வாய் மழுங்கிடும். விரல் வெச்சுப் பையத்தான் மூடணும்."

"மழுங்கட்டும். அந்த மூணாவத இன்னொரு தடவ கொடுங்க."

"கத்திய காதுல வெச்சு வாங்குற ஆள நான் இப்பதான் பாக்குறேன்."

"முலாம்பழத்த மோந்து பாத்துத்தான வாங்குறீங்க? அதுபோலத்தான்."

ஐந்தாவதாக வந்தது பேசியது. என் சுண்டுவிரல் அகலம், வெளிர்நிறக் கொம்புப்பிடி, உலர்ந்த கிளை ஒடிவதுபோல ஓசை. அதை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவருடைய தட்டருகே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தேன். பார்த்தார். நகத்தை நுழைத்துத் திறந்தார். ரொட்டியை மார்போடு அணைத்து அறுத்தார். எனக்கும் ஒரு துண்டு வைத்தார். சீஸைச் சாப்பிட்டார். நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ரொட்டியின் உள்சதையில் கத்தியின் இரு பக்கமும் துடைத்து, அந்தச் சதையை வாயில் போட்டுக்கொண்டு, மூடினார். டக். எழுந்தார், நாற்காலியை உள்ளே தள்ளினார். "வாங்க டீச்சர், போவோம்," என்றார். ஏழு மாதத்தில் யாரும் இழுக்காமல் அவர் எழுந்தது அன்றுதான்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அந்த 'டக்' கேட்டதும், நம் ஊர்ப்பக்கத்துக் கிழவர்கள் நிறைந்த கூடம் முழுவதும் எழுந்துவிட்டது. ஆப்பிள் பணியாரத் தட்டுகளோடு வண்டியைத் தள்ளி வந்த பெண் நடுவிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலோரக் கிழவர் பர்னியே வாய் நிறைய ரொட்டியோடு, "எவன்டா அது மூடுனது? நான் இன்னும் சீஸையே தொடல," என்று திட்டினார், திட்டிக்கொண்டே எழுந்தார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் மதாம் லார்தியே சிவந்துபோய் வந்து, "ஒரு கூடத்தையே உங்க வீட்டுக்காரர் கலைச்சுட்டாரு," என்றார். வியாழக்கிழமை உனக்கு வரப்போகும் அழைப்பு இதனால்தான். கத்தி இப்போது அந்த அம்மாளின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. உன் அப்பா மறுபடியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். சூப்பில் மருந்து மறுபடியும் விழுகிறது. நீ இம்முறையும் தலையாட்டினால், அவர் சாகும்வரை ஒரு வேளைச் சாப்பாடும் முடியாது.

நீ தலையாட்டுவாய் என்றுதான் அஞ்சுகிறேன். காரணமும் எனக்குத் தெரியும். 1983 ஈஸ்டர் அன்று, நம் வீட்டுக்கு எதிரே பண்ணை முற்றத்துக்கு அந்தப் பக்கம், உன் தாத்தா வீட்டில் சாப்பிட்டோம். ராணுவ சேவைக்குப் போகமாட்டேன் என்று நீ சொன்னாய். தாத்தா, "போர்ல செத்த நம்ம ஆளுங்க பேரு ஊர் நடுவுல கல்லுல இருக்குடா. ஒன் பேரு எதுல இருக்கும், கோழிக்கூண்டுலயா?" என்று தொடங்கினார். மேலும் சொல்ல வாயெடுத்தார். அப்போது உன் அப்பாவின் கத்தி மூடிய ஓசை கேட்டது. நீ எழுந்தாய், கோட்டை எடுத்தாய், போய்விட்டாய். பெல்ஜியத்திலிருந்து எழுதிய முதல் கடிதத்தில், "அப்பா கத்தியை மூடியபோது என் வாயையும் சேர்த்து மூடினார்" என்றிருந்தது. அதன்பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் எனக்குத்தான்.

நீ கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாய், ரெஜிஸ், மேசையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அது உன் தாத்தாவின் மேசை. அவருடைய கத்தி ஆட்டிறைச்சித் தட்டருகே விரிந்தபடி கிடந்தது. அந்த மேசையில் அவருக்கு முன்னால் கத்தியை மூட எவருக்கும் உரிமை இல்லை. ஐம்பத்தொரு வயதுவரை உன் அப்பா ஒருமுறைகூட மூடியதில்லை. அன்று அவர் மூடிய வாய் உன்னுடையது அல்ல.

நீ போனபின் தாத்தா சொன்னார்: "என் மேசையில எனக்கு முன்னாடி கத்திய மூடுனவனுக்கு இங்க இனிமே தட்டு கிடையாது." அப்படியே நடந்தது. பண்ணை உன் சித்தப்பாவுக்குப் போயிற்று. தியேருக்குக் குடிவந்தது என் வேலைக்கு வசதி என்று உனக்கு எழுதினேன், பொய். உன் அப்பா மாடுகளை விட்டுவிட்டு ஒரு கத்திப் பட்டறையில் கத்திகளைப் பெட்டியில் கட்டும் வேலைக்குப் போனார். "ரெஜிஸ்கிட்ட சொல்லாத. சொன்னா கடன்பட்டவன் மாதிரி வந்து நிப்பான். அப்பிடி வரவேண்டாம்," என்றார். வாக்குக் கொடுத்தேன். வாக்கை வாங்கியவருக்கு அது நினைவில் இல்லாததால், முறித்த பழியை நான் மட்டும் சுமந்துகொள்கிறேன்.

வியாழக்கிழமை என்ன சொல்வதென்று உனக்குச் சொல்லித்தர மாட்டேன். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு இல்லத்தில் சாப்பாடு. நீ நலமாக இருக்க வேண்டும். உன் பிடிவாதம் அப்பாவைக் கொண்டு பிறந்தது, அதுவும் நலமாக இருக்கட்டும். வருவதாக இருந்தால் அவருக்கு எதிரே உட்கார், அவசரப்படாமல் சாப்பிடு. சின்ன வயதில் நீ சாப்பிட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாய் என்பது உனக்கு நினைவிருக்காது. அவர் தட்டு எப்போதோ காலியாகியிருக்கும்; உன் தட்டு காலியாகும்வரை நம் வீட்டு மேசையில் அவர் ஒருநாளும் கத்தியை மூடியதில்லை.

உன் அம்மா,
கிஸ்லேன்